ஹார்மோன் ஏற்பி மரபணு மாற்றங்கள்: மார்பகப் புற்றுநோய் வாய்ப்பை எவ்வளவு மாற்றுகின்றன?

கயல்

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு 44 வயது. அண்மையில் மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானது. பயாப்சி அறிக்கையில் "ஈஆர் பாசிட்டிவ், பிஆர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ்" என்று இருக்கிறது. ஈஆர், பிஆர் என்பவை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் என்ற பெண் ஹார்மோன்களோடு ஒட்டும் புரதங்கள், அதாவது ஏற்பிகள்; ஹெர்2 செல் வளர்ச்சியைத் தூண்டும் வேறொரு புரதம். ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைக்கு இது கட்டுப்படும் வகை என்று மருத்துவர் சொன்னதில் அக்கா தெம்பாக இருக்கிறாள். எனக்குத்தான் மனம் ஓயவில்லை.

எனக்கு 38 வயது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மரபணுவில் சில மாற்றங்களோடு பிறந்தவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு கூடும் என்று படித்தேன். எச்சில் மாதிரியை அனுப்பினால் ஈஎஸ்ஆர்1 (ஈஸ்ட்ரோஜன்), பிஜிஆர் (புரோஜெஸ்டரோன்), ஏஆர் (ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜன்) ஆகிய மூன்று ஏற்பி மரபணுக்களையும் பார்த்து அறிக்கை தருவதாக ஒரு தனியார் ஆய்வகம் விளம்பரம் செய்கிறது.

இரண்டு கேள்விகள். அக்காவின் அறிக்கையில் உள்ள "பாசிட்டிவ்" பரம்பரையாக எனக்கும் வந்திருக்குமா? இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வதால் பயன் உண்டா?

நுண்சுருள்

கயல், அக்கா நல்லபடியாகத் தேறி வரட்டும். மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள் என்ற முறையில் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

அந்த "பாசிட்டிவ்" பரம்பரையாக வருவது அல்ல. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மரபணு எல்லா மனிதர்களிடமும் ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது. உங்களிடமும் இருக்கிறது, உங்கள் அப்பாவிடமும் இருக்கிறது. அறிக்கை சொல்வது வேறு விஷயம்: அக்காவின் கட்டியில் உள்ள செல்கள் அந்த ஏற்பிப் புரதத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன. கட்டியின் மெல்லிய சீவலுக்கு நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நூற்றில் ஒரு செல்லின் கருவாவது நிறம் பிடித்தால் பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். அது கட்டியின் இன்றைய நடத்தை, அவ்வளவுதான்.

இந்த ஏற்பி செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். ரத்தத்தில் வரும் ஈஸ்ட்ரோஜன் செல்லுக்குள் புகுந்து ஏற்பியோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. அது இரண்டிரண்டாகச் சேர்ந்து டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் போய் அமர்கிறது, அங்கிருந்து பல மரபணுக்களை இயக்குகிறது. செல் பெருகச் சொல்லும் மரபணுக்கள் அவற்றில் உண்டு. புரோஜெஸ்டரோன் ஏற்பியின் மரபணுவும் உண்டு. ஈஆர் பாசிட்டிவ் கட்டிகளில் பெரும்பாலானவை பிஆர் பாசிட்டிவாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம்: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்மையாகவே வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி.

இந்த ஏற்பி இருப்பதை அமெரிக்க விஞ்ஞானி எல்வுட் ஜென்சன் 1950களின் இறுதியில் காட்டினார். மரபணுவைப் பிரித்தெடுத்தது 1986இல். 1996இல் பீட்டா என்ற இரண்டாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் மரபணு பதினான்காவது குரோமோசோமில் இருக்கிறது. பயாப்சியில் பார்ப்பது முதலாவதை, அதாவது ஆல்ஃபாவை மட்டும்.

இரண்டாவது கேள்விக்கு தரவுநோக்கர் வருவார் என்று நினைக்கிறேன். இந்தத் தலைப்பை அவர் விட்டுவைக்க மாட்டார்.

அலைமகள்

கயல் தங்கைக்கு என் அன்பு. நானும் ஈஆர் பாசிட்டிவ்தான். அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு, பிறகு பல ஆண்டுகள் மாத்திரை என்று போயிற்று. இப்போது எலும்பில் திரும்ப வந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் "ஈஎஸ்ஆர்1 மரபணு மாற்றம்" கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து என் கவலையெல்லாம் இரண்டு மகள்களைப் பற்றித்தான். என் மரபணுவில் இருப்பது அவர்களுக்கும் போயிருக்குமே? நுண்சுருள் சொல்வதைப் பார்த்தால் எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

நுண்சுருள்

அலைமகள் அம்மா, உங்கள் மகள்களுக்கு அது போகவில்லை. தயவுசெய்து இன்றே இந்தக் கவலையை இறக்கி வையுங்கள்.

மரபணு மாற்றம் என்பதில் இரண்டு வகை இருக்கிறது. கருமுட்டையிலோ விந்தணுவிலோ இருந்து, பிறக்கும்போதே உடலின் எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரு வகை. அதுதான் பிள்ளைகளுக்குப் போகும். வாழ்நாளின் இடையில் ஏதோ ஒரு செல்லில் உண்டாகி, அந்தச் செல்லின் வழித்தோன்றல்களில் மட்டும் தங்கிவிடுவது இன்னொரு வகை. உங்களுடையது இரண்டாவது வகை, அதுவும் புற்றுச் செல்லில் மட்டும் உண்டானது.

இது எப்படி உண்டாகிறது என்றால், அரோமடேஸ் தடுப்பு மாத்திரைகள் உடலில் ஈஸ்ட்ரோஜன் அளவை அடியோடு குறைத்துவிடுகின்றன. அந்த வறட்சியிலும் பிழைக்கக்கூடிய செல்தான் கட்டியில் மிஞ்சும். ஏற்பிப் புரதத்தில் 595 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. 537ஆவது அல்லது 538ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால் ஏற்பி ஈஸ்ட்ரோஜன் இல்லாமலேயே இயங்கும் நிலையில் நின்றுவிடுகிறது. சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த கட்டிகளில் இந்த மாற்றம் மிக அரிது. சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்த கட்டிகளில்தான் அதிகம். 2013இல் பல ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இதை வெளியிட்டன. ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏ துணுக்குகளிலிருந்து இதைக் கண்டுபிடிக்கிறார்கள். இந்த மாற்றம் உள்ளவர்களுக்கென்றே எலாசெஸ்ட்ரன்ட் என்ற மாத்திரையை அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ 2023 ஜனவரியில் அனுமதித்தது. உங்களுக்கு அது பொருந்துமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

அலைமகள்

படித்ததும் கண் கலங்கிவிட்டது. மகள்களுக்கு இப்போதே அனுப்புகிறேன். மருத்துவரிடமும் கேட்கிறேன்.

தரவுநோக்கர்

கயல், உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: அந்தப் பணத்தை அனுப்பாதீர்கள். காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அந்த ஆய்வகம் காட்டும் கட்டுரைகள் பொய்யானவை அல்ல. உண்மையான ஆய்வுகள்தான். அவற்றின் பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் விளம்பரம் மறைக்கிறது.

1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் மரபணு ஆய்வு ஒரே முறையில் நடந்தது. புற்றுநோய்க்கும் ஈஸ்ட்ரோஜனுக்கும் தொடர்பு உண்டு, ஆகவே ஏற்பி மரபணுவைப் பார்ப்போம் என்று ஒரு மரபணுவை முன்கூட்டியே தேர்ந்தெடுப்பார்கள். சில நூறு நோயாளிகள், சில நூறு ஆரோக்கியமான பெண்கள். இருவரிடமும் டிஎன்ஏவின் ஓர் எழுத்து மாற்றம் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணுவார்கள்.

ஈஎஸ்ஆர்1இல் பிவியு2, எக்ஸ்பிஏ1 என்ற இரண்டு மாற்றங்கள் இப்படித்தான் புகழ்பெற்றன. இரண்டும் மரபணுவின் முதல் இடைப்பகுதியில், 46 எழுத்துகள் தள்ளி அடுத்தடுத்து இருக்கின்றன. புரதத்தின் ஓர் அமினோ அமிலத்தைக்கூட மாற்றுவதில்லை. அவற்றைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் அன்றைய நொதிகளைக் கொண்டு அவற்றை எளிதாகப் படிக்க முடிந்தது. ஓர் ஆய்வு வாய்ப்பு கூடுகிறது என்றது, அடுத்தது குறைகிறது என்றது, மூன்றாவது எதுவும் இல்லை என்றது.

புரோஜெஸ்டரோன் ஏற்பியின் கதையும் இதுதான். பதினோராவது குரோமோசோமில் உள்ள அந்த மரபணுவில் புரோஜின்ஸ் என்றொரு மாற்றத் தொகுப்பு இருக்கிறது: இடைப்பகுதியில் 306 எழுத்துகள் கொண்ட ஒரு செருகல், அதோடு சேர்ந்தே வரும் இரண்டு ஒற்றை எழுத்து மாற்றங்கள். அவற்றில் ஒன்று புரதத்தின் 660ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லியூசினை வைக்கிறது. புரோஜின்ஸில் சேராமல் தனியாகப் புகழ்பெற்றது மரபணுவின் தொடக்கப் பகுதியில் உள்ள +331 மாற்றம். இந்த ஏற்பிக்கு ஏ, பி என்று இரண்டு வடிவங்கள் உண்டு. பி வடிவத்தில் 164 அமினோ அமிலங்கள் கூடுதல். +331 மாற்றம் பி வடிவத்தைக் கூட்டுகிறது என்று செல் சோதனையில் காட்டினார்கள். அழகான விளக்கம். மார்பகப் புற்றோடு தொடர்பு இருப்பதாக 2003இல் ஓர் ஆய்வு வந்தது. பின்னர் பல்லாயிரம் பெண்களின் தரவைச் சேர்த்துப் பார்த்த கூட்டாய்வுகளில் அந்தத் தொடர்பு நிற்கவில்லை.

ஆண்ட்ரோஜன் ஏற்பி எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதில் சிஏஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும் பகுதி ஆளுக்கு ஆள் நீளம் மாறும். நீளம் கூடக் கூட ஏற்பியின் வேகம் குறையும். மார்பக, சினைப்பைப் புற்று வாய்ப்பைப் பெரிதும் கூட்டும் பிஆர்சிஏ1 மரபணுப் பழுதோடு பிறந்த பெண்களில் இந்தப் பகுதி நீண்டிருந்தால் நோய் முன்னதாகவே வருகிறது என்று 1999இல் ஓர் ஆய்வு சொன்னது. அடுத்து வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை.

இவை ஏன் கலைந்துபோயின? ஓர் ஆய்வில் இருபது மாற்றங்களைப் பார்த்தால், உண்மையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், வழக்கமான அளவுகோலின்படி ஒன்றாவது "தொடர்பு உண்டு" என்று தற்செயலாகத் தலைகாட்ட வாய்ப்பு அதிகம். தலைகாட்டியது அச்சில் ஏறும், மற்றவை இழுப்பறைக்குப் போகும். முழு மரபணுத் தொகுதியையும் ஒரே நேரத்தில் அலசும் இன்றைய ஆய்வுகளில் தற்செயலுக்கு இரண்டு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான வாய்ப்பு இருந்தால்தான் ஒரு முடிவை ஏற்கிறார்கள். பழைய ஏற்பி மாற்றங்கள் அந்த வாசலைத் தாண்டவில்லை. அவற்றைப் பெயர் சொல்லி விற்பது, அக்காவின் படுக்கையருகே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் பயத்தை விற்பது. எனக்கு இதில் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

நுண்சுருள்

விளம்பரத்தைப் பற்றி உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் இந்தப் பதிவைப் படிப்பவர்கள் "ஏற்பி மரபணுவுக்கும் புற்றுநோய் வாய்ப்புக்கும் சம்பந்தமே இல்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது தவறு, அதை மறுத்தே ஆக வேண்டும்.

2009இல் ஷாங்காய் நகரப் பெண்களிடம் நடந்த முழுத்தொகுதி ஆய்வு, ஆறாவது குரோமோசோமில் ஓர் இடத்தை அடையாளம் காட்டியது. அந்த இடம் ஈஎஸ்ஆர்1 மரபணுவுக்கு உள்ளே இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. அங்கே குறிப்பிட்ட எழுத்து பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் வாய்ப்பு 1.36 மடங்கு, இருவரிடமிருந்தும் வந்திருந்தால் 1.59 மடங்கு. நீங்கள் சொன்ன கடுமையான வாசலை அது தாண்டியது. ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களிடமும் தெரிந்தது, ஆனால் விளைவு மெலிந்திருந்தது.

2016இல் 1,18,816 பேரின் தரவை வைத்து அந்த வட்டாரத்தை மட்டும் நுணுக்கமாகத் தோண்டினார்கள். குறைந்தது ஐந்து தனித்தனி மாற்றங்கள் அங்கே வேலை செய்கின்றன என்று தெரிந்தது. இவை ஏற்பிப் புரதத்தை மாற்றுவதில்லை. அந்த மரபணு எந்தச் செல்லில், எவ்வளவு இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஊக்கிப் பகுதிகளிலும் அடக்கிப் பகுதியிலும் உட்கார்ந்திருக்கின்றன. விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் போன்ற பகுதிகள் இவை. விளக்கு பழுதாகவில்லை, குமிழ்தான் சற்றே திருகப்பட்டிருக்கிறது.

பழைய ஆய்வுகள் தவறவிட்டதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் சரியான மரபணுவைத்தான் சந்தேகித்தார்கள். தேடிய இடம்தான் வேறு.

கயல்

அப்படியானால் ஏற்பி அதிகமாக உண்டானால்தானே ஆபத்து? குமிழ் குறைவுப் பக்கம் திருகியிருந்தால் நல்லதுதானே?

நுண்சுருள்

நானும் அப்படித்தான் எதிர்பார்த்திருப்பேன். தரவு வேறு மாதிரி வந்தது. இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்த்த இடம் இது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அந்த ஐந்தில் நான்கு மாற்றங்கள் ஈஆர் நெகட்டிவ் கட்டிகளோடு தொடர்புடையவை. அந்த நான்கும் ஊக்கிப் பகுதிகளில் இருக்கின்றன. அவற்றின் ஆபத்தான வடிவம் ஈஎஸ்ஆர்1 இயக்கத்தைக் குறைக்கிறது. கூடவே பக்கத்தில் உள்ள ஆர்எம்என்டி1, சிசிடிசி170 என்ற இரண்டு மரபணுக்களையும் குறைக்கிறது. ஐந்தாவது மாற்றம் அடக்கிப் பகுதியைக் குலைக்கிறது. அதனால் ஏற்பியின் இயக்கம் கூடும் என்று கணிக்கிறார்கள். ஆக, ஒரே மரபணுவைச் சுற்றி, கூடுவதும் ஆபத்து, குறைவதும் ஆபத்து. வரும் கட்டியின் வகைதான் வேறு.

ஏன் என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. இயல்பான மார்பகத்தில் ஏற்பி உள்ள செல்களும் இல்லாத செல்களும் கலந்தே இருக்கும். ஏற்பி உள்ள செல் ஈஸ்ட்ரோஜனின் செய்தியைக் கேட்டு, அருகில் உள்ள செல்லுக்குச் சைகை அனுப்புகிறது. பெருகுவது பெரும்பாலும் அந்த அண்டைச் செல். இந்த விகிதம் மாறினால் மார்பகத் திசுவின் அமைப்பே மாறக்கூடும். அந்த ஐந்து மாற்றங்களில் சில மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே படத்தில் தெரியும் திசு அடர்த்தியோடும் தொடர்பு காட்டுகின்றன என்பது இந்த எண்ணத்துக்கு வலு சேர்க்கிறது. ஆனால் இது நிரூபணமாகி முடிந்த விஷயம் அல்ல.

ஏற்பி அடியோடு வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1994இல் ஓர் ஆணைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். ஈஎஸ்ஆர்1இன் இரண்டு பிரதிகளும் பழுது. 28 வயதில் 204 சென்டிமீட்டர் உயரம், எலும்பு முனைகள் மூடாமல் அப்போதும் வளர்ந்துகொண்டிருந்தார். எலும்பு மெலிந்திருந்தது. 2013இல் 18 வயதுப் பெண் ஒருவர்: ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் மிக அதிகம், ஆனால் மார்பகம் வளரவே இல்லை. இந்த ஏற்பி உடலுக்குத் தேவை. பகை என்று எண்ண வேண்டாம்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களிடம் 2014இல் ஈஎஸ்ஆர்1 அருகே ஒரு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மூதாதையரிடமிருந்து வந்த அந்த மாற்றம் நோய் வாய்ப்பைக் கணிசமாகக் குறைக்கிறது, ஈஆர் நெகட்டிவ் வகையில் இன்னும் அதிகமாக. ஐரோப்பியப் பெண்களிடம் மட்டும் தேடியிருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது.

தரவுநோக்கர்

அறிவியலாக இதை ஏற்கிறேன். 2016 ஆய்வு மிக நேர்த்தியானது. என் வாதம் தனி மனிதரைப் பற்றியது. இந்த மாற்றங்களில் ஒன்று வாய்ப்பை 1.1 மடங்காக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக, 100 பெண்களில் 10 பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் என்றும் கொள்வோம். மாற்றம் உள்ள 100 பேரில் 11 பேருக்கு வரும். 89 பேருக்கு வராது. இதை வைத்துக்கொண்டு கயல் நாளைக் காலையில் எதை மாற்றிச் செய்ய முடியும்?

செவிலி_தேன்மொழி

நான் மரபியல் ஆலோசனைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். ஏற்பி மரபணுவைப் பற்றிய விவாதம் நன்றாகப் போகிறது, ஆனால் கயலிடம் யாரும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

கயல், உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது மார்பகம், சினைப்பை, கணையம், புராஸ்டேட் ஆகியவற்றில் புற்றுநோய் வந்திருக்கிறதா? எந்த வயதில்? அம்மா வழி, அப்பா வழி இரண்டையும் சொல்லுங்கள்.

கயல்

அம்மா வழியில் யாருக்கும் இல்லை. பாட்டி, சித்தி, பெரியம்மா எல்லோரும் நலம். அப்பா வழியில் என் அத்தை சினைப்பைப் புற்றுநோயில் 50 வயதுக்குள் இறந்துவிட்டார். ஆனால் அது அப்பா வழி, அதுவும் மார்பகம் இல்லை. அதனால்தான் முதலில் எழுதவில்லை. அக்காவின் மருத்துவரிடமும் நாங்கள் சொல்லவில்லை.

செவிலி_தேன்மொழி

இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அத்தையைப் பற்றிய இந்த ஒரு வரி, அந்த ஆய்வகத்தின் அறிக்கை முழுவதையும்விட உங்களுக்கு முக்கியமானது.

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களில் உள்ள பழுது அப்பா வழியாகவும் அதே அளவில் வரும். அப்பாவுக்கு நோய் வராமலேயே அவரிடமிருந்து மகளுக்குப் போகும். ஒரே வழியில் ஒருவருக்குச் சினைப்பைப் புற்று, அடுத்த தலைமுறையில் இன்னொருவருக்கு 50 வயதுக்குள் மார்பகப் புற்று என்றால், முதலில் பார்க்க வேண்டியது இவற்றைத்தான்.

இங்கே எண்களின் அளவே வேறு. 2017இல் வெளியான பெரிய ஆய்வின்படி பிஆர்சிஏ1 பழுது உள்ள பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு சுமார் 72 விழுக்காடு, பிஆர்சிஏ2 என்றால் சுமார் 69. சினைப்பைப் புற்றுக்கு முறையே 44, 17 விழுக்காடு. தரவுநோக்கர் சொன்ன 10, 11 கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அக்காவின் கட்டி ஈஆர் பாசிட்டிவ் என்பதால் பிஆர்சிஏ இருக்காது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. பிஆர்சிஏ1 கட்டிகள் பெரும்பாலும் ஏற்பி இல்லாதவை என்பது உண்மை. பிஆர்சிஏ2 கட்டிகளில் பெரும்பாலானவை ஈஆர் பாசிட்டிவ்.

வரிசையும் முக்கியம். முதலில் அக்காவுக்குப் பரிசோதனை. நோய் வந்தவரிடம் பழுது கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் குறிப்பிட்ட பழுதை மட்டும் உங்களிடம் தேடலாம். அது உங்களிடம் இல்லை என்று வந்தால், அந்த "இல்லை" உண்மையாகவே நிம்மதி தரும் "இல்லை". நீங்கள் முதலில் செய்துகொண்டு ஒன்றும் இல்லை என்று வந்தால், குடும்பத்தில் பழுதே இல்லையா, இருந்தும் உங்களுக்கு வரவில்லையா, இன்னும் பார்க்காத மரபணுவில் இருக்கிறதா என்று புரியாது. பாதிப்பு தெளிவாகாத மாற்றம் என்று சில நேரம் அறிக்கை வரும். அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக்கூடாது.

அக்காவின் சிகிச்சைக்கும் இது பயன்படும். பிஆர்சிஏ பழுது இருந்தால் அறுவைச் சிகிச்சைத் திட்டம் மாறலாம், சில மருந்துகளும் தகுதியாகலாம். ஆகவே தாமதிக்க வேண்டாம்.

இளவேனில்

இடையில் ஒரு கேள்வி. ஒவ்வொரு மாற்றமும் தனியாகச் சிறியது, சரி. நூற்றுக்கணக்கானவற்றைக் கூட்டி ஒரு மதிப்பெண் தருகிறார்களே, அதிலும் பயன் இல்லையா? எனக்குக் குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லை, ஆனாலும் அந்த மதிப்பெண்ணைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

நுண்சுருள்

பயன் உண்டு என்பது என் கட்சி. 2019இல் வெளியான மதிப்பெண் 313 மாற்றங்களைக் கூட்டுகிறது. ஈஎஸ்ஆர்1 சுற்றுவட்டாரத்து மாற்றங்களும் அதில் அடங்கும். பொதுவாகக் காணப்படும் மாற்றங்களில் மிக வலிமையானவற்றுள் ஒன்றான, எஃப்ஜிஎஃப்ஆர்2 என்ற மரபணுவில் உள்ள மாற்றம்கூட, ஒரு பிரதிக்கு 1.26 மடங்குதான் தரும். ஆனால் எல்லாவற்றையும் கூட்டினால், உச்சியில் உள்ள 1 விழுக்காட்டுப் பெண்களுக்கு ஈஆர் பாசிட்டிவ் புற்று வரும் வாய்ப்பு நடுவில் உள்ளவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல். இதைக் குடும்ப வரலாறு, திசு அடர்த்தி, பிள்ளைப்பேறு விவரங்களோடு சேர்த்துக் கணக்கிடும் கேன்ரிஸ்க் என்ற கருவி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவானது. யாருக்கு மேமோகிராம் முன்னதாகத் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்ய இது உதவும்.

தரவுநோக்கர்

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. நோய் வரப்போகும் ஒருவரையும் வராத ஒருவரையும் அருகருகே நிறுத்தினால், இந்த மதிப்பெண் சரியானவரைச் சுட்டும் வாய்ப்பு 63 விழுக்காடு. காசைச் சுண்டினாலே 50 விழுக்காடு. மேலும் அந்த 313ஐத் தேர்ந்தெடுத்தது ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களின் தரவிலிருந்து. மற்ற வம்சாவளிகளில் அதன் கூர்மை குறைகிறது. லத்தீன் அமெரிக்கப் பெண்களின் உதாரணத்தைச் சொன்னவரே நீங்கள்தான். அந்த நியாயம் இங்கும் பொருந்தும்.

நுண்சுருள்

பொருந்தும். அதனால்தான் எல்லா மக்களிடமும் ஆய்வு நடக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மருத்துவ ஆலோசனையோடு, மற்ற விவரங்களோடு சேர்த்து என்றால் நான் ஆதரிக்கிறேன். தனியாக ஒரு காகிதமாக வந்து சேர்ந்தால் ஆதரிக்கவில்லை. இளவேனில், உங்கள் வம்சாவளியைச் சேர்ந்த பெண்களிடம் அந்த மதிப்பெண் சோதிக்கப்பட்டதா என்று முதலில் கேளுங்கள்.

மாறன்

என் மனைவிக்காகக் கேட்கிறேன். மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுக்கலாமா என்று யோசிக்கிறார். ஏற்பி மரபணுவைப் பார்த்து அது அவருக்கு ஆபத்தா என்று சொல்ல முடியுமா?

செவிலி_தேன்மொழி

முடியாது, ஐயா. அப்படி முடிவெடுக்க உதவும் ஏற்பி மரபணுப் பரிசோதனை எதுவும் இன்று நடைமுறையில் இல்லை. மாத்திரையின் வகையும் காலமும்தான் முக்கியம். 2002இல் வெளியான அமெரிக்கப் பெண்கள் நல ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேரில் 38 பேருக்கும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 30 பேருக்கும் மார்பகப் புற்று வந்தது. கருப்பை அகற்றப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் அப்படி உயரவில்லை. மனைவியின் வயது, கருப்பை நிலை, தொந்தரவுகளின் கடுமை இவற்றை வைத்து மகப்பேறு மருத்துவர் சொல்வார்.

அலைமகள்

எனக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தடுக்கும் தமாக்சிஃபென் மாத்திரை கொடுத்தபோது இதைப் புற்றுநோய் வராதவர்களுக்கும் தடுப்பாகக் கொடுப்பதுண்டு என்றார்கள். கயலுக்கு அது பொருந்துமா?

நுண்சுருள்

ஏற்பியைத் தடுத்தால் நோயைத் தடுக்கலாம் என்பதற்கு மிக வலுவான சான்றே அதுதான், அம்மா. 1998இல் வெளியான ஆய்வில், நோய் வாய்ப்பு கூடுதலாக இருந்த 13,388 பெண்கள் பங்கேற்றார்கள். தமாக்சிஃபென் எடுத்தவர்களிடம் பரவும் வகை மார்பகப் புற்று 49 விழுக்காடு குறைந்தது. ஈஆர் பாசிட்டிவ் கட்டிகள் 69 விழுக்காடு குறைந்தன. ஈஆர் நெகட்டிவ் கட்டிகள் குறையவே இல்லை. கருப்பை உட்சுவர்ப் புற்றும் ரத்தக்கட்டும் கூடின, குறிப்பாக 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம். ஆகவே எல்லோருக்கும் கொடுக்கும் மருந்து அல்ல. கயலுக்குப் பொருந்துமா என்பது அக்காவின் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகு எழ வேண்டிய கேள்வி.

கயல்

எல்லோருக்கும் நன்றி. அக்காவின் மருத்துவரிடம் அத்தையைப் பற்றிச் சொன்னோம். அவர் உடனே மரபியல் ஆலோசனைக்கு எழுதிக் கொடுத்தார். அக்கா ரத்தம் கொடுத்துவிட்டாள், முடிவுக்குக் காத்திருக்கிறோம். எச்சில் பரிசோதனையைக் கைவிட்டேன். அப்பாதான் மிகவும் உடைந்துபோயிருக்கிறார். "என்னிடமிருந்துதான் வந்ததா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவரிடம் என்ன சொல்வது? அக்காவுக்கு 15 வயதில் ஒரு மகன் இருக்கிறான். பழுது இருப்பதாக வந்தால் அவனுக்கும் பார்க்க வேண்டுமா?

செவிலி_தேன்மொழி

அப்பாவிடம் சொல்லுங்கள்: இன்னும் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. கண்டுபிடிக்கப்பட்டாலும், அது அவருக்கும் அவருடைய பெற்றோரில் ஒருவரிடமிருந்து கேட்காமல் வந்தது. அக்காவின் முடிவு வரும்போது ஆலோசனைக்கு அவரையும் அழைத்துப் போங்கள். பழுது இருந்தால் அவருக்கும் தகவல் பயன்படும், ஏனெனில் பிஆர்சிஏ2 பழுது உள்ள ஆண்களுக்கு புராஸ்டேட் புற்று வாய்ப்பு கூடும், மார்பகப் புற்றும் சிறிய அளவில் வரக்கூடும்.

மகனுக்கு அந்தப் பழுது போயிருக்கும் வாய்ப்பு சரிபாதி. ஆனால் 15 வயதில் பார்க்க வேண்டியதில்லை. சிறுவயதில் அதைத் தெரிந்து செய்யக்கூடியது எதுவும் இல்லை. வளர்ந்த பிறகு, தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும். முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், அறிக்கையில் புரியாத வரிகளைச் சேர்ந்து படிப்போம்.